கண்டியிலிருந்து சனி, ஞாயிறு: இரண்டு மணித்தியாலத்துக்குள் எங்கே போவது?

கேள்வி, 2024 பெப்ரவரி 27

"மாற்றலாகி கண்டிக்கு வந்து ஆறு மாதம். சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு ஞாயிறு இருட்ட முதல் வீடு திரும்ப வேண்டும். சின்னக் கார். கூட வயதான மாமியார், ஆறு வயது மகன். யாரைக் கேட்டாலும் நுவரெலியா என்கிறார்கள். வேறு ஊரே இல்லையா?"

2024 பெப்ரவரி 28, இரவு 9.40

இருக்கிறது. முதலில் கிலோமீற்றர் பார்ப்பதை விடுங்கள். மலையில் தூரம் மணித்தியாலக் கணக்கு. நுவரெலியா 77 கிலோமீற்றர்தான். வவுனியா, யாழ்ப்பாணப் பாதையில் அது ஒரு மணித்தியாலச் சொச்சம். இங்கே பேராதனை நெரிசல், கம்பளை நெரிசல், அப்புறம் இறம்பொடை ஏற்றத்தில் மரக்கறி லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போவது, எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் கிளச் தலையில்.

என் சட்டம் இது: போக மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கிற இடம் வார இறுதிக்கு ஆகாது. அது சம்பளம் இல்லாத டிரைவர் வேலை.

சட்டத்துக்குள் அடங்குபவை: அம்புலுவாவ, லூல்கந்துர, எல்கடுவப் பக்கம் செம்புவத்தை ஏரி. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ரிவஸ்டன். ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நுவரெலியாவுக்குப் போகவே வேண்டாம்.

2024 பெப்ரவரி 28, இரவு 10.15

"போகவே வேண்டாம்" என்பதற்கு முன்னால் "ஏப்ரலில்" என்று சேர்த்து வாசிக்கவும். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டாள். கல்யாணம் முடிந்து நாங்கள் போன முதல் ஊர் அது.

2024 மார்ச் 2

அம்புலுவாவ. கம்பளைக்குப் போனால் நிமிர்ந்து பார்த்தாலே தெரியும், மலை உச்சியில் வெள்ளையாக ஊசி குத்தி வைத்த மாதிரி. நகரத்திலிருந்து மேலே ஏறும் பாதை ஒடுக்கம், செங்குத்து. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னுக்கு எடுத்தே ஆக வேண்டும். நான் கம்பளையில் காரை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கோபுரம் 48 மீற்றர். படிக்கட்டு கோபுரத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறும், மேலே போகப் போக ஒடுங்கும். கடைசிச் சுற்றில் ஒரு தோள் கோபுரத்தில் உரசும், மறுபக்கத்து இடுப்பு கைப்பிடியில் உரசும். அந்த நேரம் மேலேயிருந்து ஒருவர் இறங்கி வருவார். இரண்டு பேரும் வயிற்றை எக்கி, "மன்னிக்கணும்" என்று சொல்லி, முன்பின் தெரியாத மனிதரை ஏறக்குறையக் கட்டிப்பிடித்துத்தான் தாண்ட வேண்டும். காற்று வேறு. உச்சியில் ஒரு பக்கம் ஹந்தானை, இன்னொரு பக்கம் கொத்மலை மலைகள், நடுவில் மகாவலி. இரண்டு நிமிடம் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் இறங்கிவிட்டேன்.

மாமியாரைக் கோபுரத்தில் ஏற்றாதீர்கள். கீழே நான்கு மதத்துக்கும் வழிபாட்டு இடம் இருக்கிறது, பூந்தோட்டம் இருக்கிறது, உட்கார இடமும் உண்டு.

2024 மார்ச் 3

கோபுரம் காற்றுக்கு ஆடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆடவில்லை. ஆடியது என் கால்.

2024 மார்ச் 10

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு லூல்கந்துர போனோம். கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழி. ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். பாதை ஒடுக்கம், ஆனால் வண்டிகள் குறைவு.

இலங்கையில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய இடம் இதுதான். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 1867இல் 19 ஏக்கரில் போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பியில் இலைநோய் விழுந்தது, அதன் பிறகு நாடே தேயிலைக்குத் திரும்பியது. அவர் குடியிருந்த மர வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது கல்லாலான புகைபோக்கியும் கிணறும்தான். இன்னும் மேலே ஏறினால் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் கல் ஆசனம்.

அம்மா பாதி வழியில் நின்றுவிட்டார். "நான் கூடை தூக்குன காலத்துல ஒரு துரையும் உட்காருன்னு சொல்லல. இப்ப துரை உட்கார்ந்த கல்லைப் பார்க்க பெற்றோல் அடிச்சுக் கூட்டி வந்திருக்கே."

நானும் நின்றேன். பேசிக்கொண்டே பாதையோரத்துச் செடியில் அம்மாவின் இரண்டு கையும் போனது. கண் என் முகத்தில் இருக்கிறது, கை தன்பாட்டில் ஓடுகிறது: இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு. வேலையை விட்டு பதினைந்து வருடம். கை நிறைந்ததும்தான் அவருக்கே தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். போடக் கூடை இல்லை. கைப்பையைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டார்.

டெய்லரைத் தொழிலாளர்கள் "சாமி துரை" என்று கூப்பிட்டார்கள். 1892இல் இறந்தபோது இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக முறை மாற்றி, இங்கிருந்து கண்டி மஹய்யாவ மயானம் வரை தூக்கிப் போனார்கள். இதைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அன்னைக்கு அவங்களுக்குப் பேர் போட்டாங்களா?"

(வெளியூர்க்காரருக்கு: தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.)

2024 மார்ச் 11

இன்னொன்றையும் எழுத வேண்டும். போகும் வழியில் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வரும். ஜன்னலைத் திறந்து படம் எடுக்காதீர்கள். வெளியே பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பவருக்கு அது குளியலறை.

2024 ஏப்ரல் 6

ஏப்ரல் வந்துவிட்டது. நுவரெலியாவுக்கு அறை கேட்டு மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். வசந்த காலம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், எல்லாம் சரி. சாதாரண அறை வாடகை அந்த இரண்டு கிழமையில் என்ன குதி குதிக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு வருடம் நாங்கள் முன்பதிவு செய்த விடுதியில் போய் இறங்கினால் எங்கள் அறையில் வேறொரு குடும்பம் தலை துவட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு காரில் தூங்கினோம். சீட்டைச் சாய்த்து, பெட்சீட்டும் துவாயுமாகப் போர்த்திக்கொண்டு. மகள் இன்றைக்கும் அதுதான் தன் வாழ்க்கையிலேயே சிறந்த பயணம் என்கிறாள்.

2024 ஏப்ரல் 21

ரிவஸ்டன். கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, ரத்தோட்டை, அப்புறம் மேலே. மாத்தளை வரை ஒரு மணித்தியாலம், மீதியோடு இரண்டேகால். கால் மணித்தியாலம்தானே, சட்டத்தைத் தளர்த்துகிறேன்.

மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனோம். மாசி மகத்துக்கு ஐந்து தேரும் ஓடும்போது அந்தப் பக்கம் கார் கொண்டு போகாதீர்கள், மற்ற நாளில் பயமில்லை.

ரிவஸ்டன் கணவாயில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். கதவு என் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது, கீல் "டக்" என்றது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்தி, ஒருவர் இறங்கிக் கதவைப் பிடித்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். கீழே பிட்டவல பத்தனை. ஒரு மரம் இல்லாத புல்வெளி, புல்லுக்கடியில் உடனே பாறை. நடந்து போனால் திடீரென்று நிலம் முடிந்துவிடும். அதைச் சின்ன உலக முடிவு என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடக்கூடாத இடம். பின்னேரம் இரண்டு மணிக்கு இடி இறங்கியது, ஏப்ரல் மாத வழக்கம். விடிய ஐந்துக்குப் புறப்படுங்கள்.

திரும்பி வரும்போது மாத்தளையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நான் நெரிசலைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம், 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து தொடங்கி ஆகஸ்ட் 12இல் இதே மாத்தளையில் முடித்தார்களே ஒரு நடைபயணம், மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே நடந்து வந்த பாதை. வந்து சேராதவர்கள் எத்தனையோ பேர். கடைசி நாள் நானும் போய் நின்றிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் என் இரண்டு மணித்தியாலச் சட்டத்தை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கொஞ்சம்தான். முதுகு வலி உண்மை.

2024 மே 26

வெசாக் வியாழன், அடுத்த நாள் வெள்ளியும் விடுமுறை, அப்புறம் சனி ஞாயிறு. நான்கு நாள் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பேராதனை தாண்டியதும் கொடி காட்டி மறித்தார்கள்: தன்சல், வெசாக்குக்குப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல். கடலை. அடுத்த முடக்கில் குளிர்பானம். அதற்கடுத்து மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும். அப்புறம் ஐஸ்கிரீம், அதற்கு அரை மைல் வரிசை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது, அன்பாகத் தருகிறார்கள். கம்பளை போய்ச் சேர மூன்று மணித்தியாலம். கொத்மலை பார்க்கவில்லை. வயிறு நிறையத் திரும்பி வந்தோம். மகள் எண்ணி வைத்திருக்கிறாள்: ஏழு தன்சல்.

2024 ஜூன் 15

மழையைப் பற்றி எழுதாமல் விட்டது என் தப்பு. ஒருவர் சொன்னதைக் கேட்டு வட்டவளைப் பக்கம் அறை போட்டு, இரண்டு நாளும் ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் காற்று. மலையின் மேற்குச் சரிவு, அதாவது கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், மஸ்கெலியா, எல்லாம் நனையும். அதே நாளில் மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வெயில் கண்ணைக் கூசும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை அப்படியே மாறும், கிழக்குச் சரிவுக்கு மழை. ஆகவே முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

பிரேக் வாடை பற்றிக் கேட்டவருக்கு. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது, பாட்டுக் கேட்டுக்கொண்டு, நான்காவது கியரில், பிரேக்கை மிதித்துப் பிடித்தபடியே வந்தேன். நடுவழியில் எரிந்த ரப்பர் மாதிரி வாடை. பிரேக் கால் கீழே கீழே போகிறது, வண்டி நிற்கிற மாதிரி இல்லை. கையால் கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் எப்படியோ நிறுத்தினேன். முன் சில்லிலிருந்து புகை. தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான லொறிக்காரர் சத்தம் போட்டார்: "ஊத்தாதே தம்பி, சூட்டுல வெடிச்சுப் போகும். சும்மா விடு, தானா ஆறும்." ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தார். இரண்டு பிளேன்டீ, மூன்று பருப்பு வடை. எழும்பும்போது சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல இறங்கு."

இந்தப் பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, அந்த ஐயா சொன்னதை மறக்காதீர்கள்.

2024 ஜூலை 14

சட்டத்தை உடைத்தேன். நான்கு மணித்தியாலம். அதுவும் ஜூலையில், மேற்குச் சரிவில், நானே போகாதே என்று எழுதிய மழையில்.

அம்மா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "மஸ்கெலியாவுக்கு ஒருக்கா போவோமா?" சிவனொளிபாதமலைக்கு என்று நினைத்தேன். அதற்கு இது காலமில்லை, டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் வரைதான், இப்போது மேலே வெளிச்சமும் கிடையாது கடையும் கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "மலைக்கு இல்லடா. ஊருக்கு."

அம்மா பிறந்தது பழைய மஸ்கெலியா. 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பட்டணம் அப்படியே தண்ணீருக்குள் போனது. கோயில், விகாரை, பள்ளிவாசல், கடைத்தெரு. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. இதெல்லாம் தெரிந்த கதைதான், ஆனால் பார்க்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நாவலப்பிட்டி, கினிகத்தேனை, அட்டன், நோர்வூட். வழி முழுக்க வைப்பர் ஓடியபடி. போய்ச் சேர்ந்தால் நீர்த்தேக்கம் விளிம்பு வரை நிறைந்து நிற்கிறது. சாம்பல் நிறத் தண்ணீர், மேலே மூடுபனி. அம்மா குடைக்குள் நின்று கையை நீட்டினார். "அந்தா அந்த சவுக்கு மரத்துக்கும் எதிர்த்த மலை மூக்குக்கும் நேரா, நடுவுல. அதான் கோயில். அதுக்குக் கீழ மாமா கடை."

மகள் கேட்டாள்: "எங்க அப்பாயி? தண்ணிதானே இருக்கு."

"தண்ணிக்குக் கீழ."

மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்போ சாமி நனையாதா?" அம்மா பதில் சொல்லவில்லை. மழை ஊற்றியது. காருக்குள் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

2024 ஜூலை 16

சாமியை முன்பே மேலே புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அம்மா இன்று காலை, தோசை ஊற்றிக்கொண்டே, யாரும் கேட்காமல் மகளிடம் சொன்னார். இரண்டு நாள் யோசித்திருக்கிறார்.

2024 செப்டெம்பர் 8

ஹோர்ட்டன் சமவெளியைக் கண்டியிலிருந்து ஒரே நாளில் முடிக்கலாமா என்ற கேள்வி ஐந்தாவது தடவையாக வருகிறது. முடியாது. உலக முடிவில் விளிம்புக்குக் கீழே ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம். அது தெரிவது காலையில் மட்டும். ஒன்பதரை, பத்து ஆனால் கீழேயிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் வெள்ளையாகப் பூசிவிடும். பிந்தி வந்தவர்கள் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டுச் சுவருக்கு முன்னாலேயே எடுத்திருக்கலாம்.

நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். மகளின் பிஸ்கட்டுக்கு உறை நீக்கிக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். சுற்றுப் பாதை சுமார் 9 கிலோமீற்றர், அதில் பாதியிலேயே பிஸ்கட் தூளாகிவிட்டது. வாழையிலையில் கட்டிய சோறு மேல்.

ஆக, சனிக்கிழமை இரவு நுவரெலியாவில் தங்கி ஞாயிறு விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். நுவரெலியாவுக்குப் போகவே வேண்டாம் என்று எழுதியவன் நான்தான். வாபஸ். மனைவி இதை அச்சடித்துத் தரச் சொல்கிறாள்.

2024 செப்டெம்பர் 9

முதல் கேள்வி கேட்டவர் கடைசியில் எங்கே போனார் என்று எழுதியிருக்கிறார். சீதா எலிய, சீதையம்மன் கோயில். மாமியார் பிடிவாதம். ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் பக்கம், அதாவது நுவரெலியாவையும் தாண்டி. ஆறு மாதம் நான் எழுதியதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. நல்ல தரிசனமாம். மகனுக்குக் குரங்குகள் பிடித்துப்போனதாம்.

2025 மார்ச் 15

மழையில்லாத மாதம். மவுசாகலையில் தண்ணீர் இறங்கி, பழைய கோயில் மேலே வந்துவிட்டது என்று மஸ்கெலியாவிலிருந்து சித்தப்பா கூப்பிட்டுச் சொன்னார். இந்த முறை அம்மா கேட்கவில்லை, நானே காரை எடுத்தேன். மூன்றேமுக்கால் மணித்தியாலம்.

சேறு காய்ந்து ஓடு மாதிரி வெடித்திருந்தது. ஓரங்களில் இன்னும் ஈரம், கால் புதைகிறது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், போனும் கையுமாக. இடிந்த சுவர்கள், படி. அம்மா யாரையும் பார்க்காமல் கோயில் சுவரோரமாகப் போய், ஒரு கால் விரலுக்கு முன் மறு கால் குதிகாலை வைத்து அடி அளந்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

"பதினாலு. நான் இவ்வளவு நாளும் இதைப் பெரிய கோயில்னு நெனச்சிட்டு இருந்தேன்."

மகளும் அளந்தாள். அவள் காலுக்கு இருபத்திரண்டு. "எனக்குப் பெரிசுதான் அப்பாயி."

அம்மா அந்தப் படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கேட்டார். பிளாஸ்க் காரிலேயே இருந்தது, நான் திரும்ப அந்தச் சேற்றில் நடந்து போய் எடுத்து வந்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "மழை தொடங்குனா திரும்ப மூடிரும். அதுக்குள்ள பெரியம்மாவையும் சின்ன மாமாவையும் கூட்டியாரணும். அவங்களுக்கு எங்க வீடு இருந்த இடம் என்னை விட நல்லாத் தெரியும்."

2025 மார்ச் 16

இப்போது என் கேள்வி. கண்டியிலிருந்து மஸ்கெலியாவுக்கு, ஏப்ரல் விடுமுறைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நல்ல வான் வேண்டும், நிதானமாக ஓட்டுகிற டிரைவர் வேண்டும். ஏறின கியரில் இறங்குகிறவராக இருக்க வேண்டும். யாருக்காவது தெரியுமா?